கப்பல் கரண்டு

எபிசனுக்குத் தெரிந்த ஒரே வயர், துணி காயப்போடுகிற வயர்தான். புதுக்கடைக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில் இந்த உண்மை தெரிந்த ஒரே ஆள் எபிசன். மற்ற எல்லாருக்கும் அவன் பஹ்ரைனில் பதினாலு வருஷம் கப்பலுக்குக் கரண்டு கொடுத்தவன். மரைன் எலக்ட்ரீஷியன்.

அவன் பொய் சொன்னதில்லை. இதைத் தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டதும் உண்டு. கப்பல் பழுதுபார்க்கிற யார்டு ஒன்றில் வேலை. சட்டையில் மாட்டுகிற அட்டையில் மேல் வரியில் கொட்டை எழுத்தில் 'மரைன் எலக்ட்ரிக்கல் டிவிஷன்' என்று இருக்கும். அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி, 'லாண்டரி'. அந்த டிவிஷனின் இருநூறு எலக்ட்ரீஷியன்மார் அழுக்காக்கிப் போடுகிற, கழுத்து முதல் கால்வரை மூடும் கவரால்களைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுக்கிற வேலை. கல்யாணம் பேசிய நாளில் தரகர் ஜேசுதாஸ் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். மேல் வரியை மட்டும் வாசித்தார். வாசித்ததைப் பெண் வீட்டில் சொன்னார். பெண் வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷமாக இருக்கிறவர்களைத் திருத்துவது மரியாதை இல்லை என்று எபிசன் சும்மா இருந்துவிட்டான். அந்தச் சும்மா இருப்பு பதினோரு வருஷம் நீண்டது.

நடுவில் சங்கடம் வராமல் இல்லை. லீவுக்கு வந்து பெட்டியைத் திறக்கும் முன்னே யாராவது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதற்கும் அவன் ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தான்.

"இது ஏசி கரண்டாக்கும். நான் பாத்தது டிசி. கப்பல் கரண்டு வேற, வீட்டுக் கரண்டு வேற. கப்பல் கரண்டு பாத்த கை வீட்டுக் கரண்டுல பட்டா ரெண்டும் வெளங்காது" என்பான். பெரிய கப்பல்களிலும் ஏசி கரண்டுதான் ஓடுகிறது என்பது அவனுக்கே தெரியாது. கேட்டவர்களுக்கும் தெரியாததால் யாருக்கும் நஷ்டமில்லை. மிக்ஸியை வாங்கிக்கொண்டு பயபக்தியோடு திரும்பிப் போவார்கள்.

வேலையை விட்டு ஊரோடு வந்து இரண்டு வருஷமாகிறது. புதுக்கடையில் கோழித்தீவனக் கடை வைத்திருந்தான். கோழிகள் அவனிடம் கரண்டைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த அந்த வாழ்க்கையில்தான் மச்சினன் ஜெப்சன் ஆற்றில் ஓட்ட ஒரு போட்டு வாங்கினான்.

ஜெப்சன், எபிசனின் மனைவி சுபிதாவுக்குத் தம்பி. முப்பத்தைந்து வயதுக்குள் ஆறு தொழில் தொடங்கி ஆறையும் நடுவழியில் விட்டவன். ஏழாவதாக, தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேருகிற பொழியைப் பார்க்க வருகிறவர்களை ஆற்றில் ஏற்றி, இரு கரைத் தென்னந்தோப்புகளையும் காட்டிக் கூட்டிவரலாம் என்று புறப்பட்டான். கொல்லத்துப் பக்கம் போய் இருபது பேர் உட்காரும் ஒரு பழைய ஃபைபர் போட்டை வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான்.

"கன்னியாஸ்திரி மடத்துக்க போட்டாக்கும். சிஸ்டர்மாரு பள்ளிக்கூடத்துப் புள்ளையள கூட்டிட்டுப் போன போட்டு. அதுக்குள்ள ஒரு கெட்ட வார்த்தை கூட யாரும் பேசினதில்ல" என்று சபை முழுக்கச் சொல்லி வைத்தான். சபையாருக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆற்றங்கரைக்கே வந்து ஜெபித்துத் தருவதாகப் போதகர் ஜான்ரோஸ் ஒத்துக்கொண்டார். போட்டுக்கு 'எபெனேசர்' என்று பெயர் வைத்து, கூரையின் பின்பக்கம் முழுவதையும் மறைக்கிற மாதிரி ஒரு ஃப்ளெக்ஸும் அடித்து ஒட்டியாயிற்று.

ஒரே ஒரு குறை. லாரியில் கயிறு போட்டுக் கட்டும்போது ஸ்விட்ச் போர்டு உடைந்துவிடக் கூடாதே என்று நல்ல மனசோடு லாரிக்காரர்கள் அதைக் கழற்றி எடுத்திருந்தார்கள். பின்னால் இருந்த வயர்களையும் அதே நல்ல மனசோடு பிடுங்கிவிட்டார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, போர்டு இருந்த ஓட்டையிலிருந்து பதினோரு வயர்கள் தொங்கின. பதினொன்றும் சிவப்பு. முன்னால் வைத்திருந்த புண்ணியவான் ஒரே சிவப்பு ரோலை வாங்கிப் போட்டு முழுக்க இழுத்திருந்தான். எது விளக்குக்குப் போகிறது, எது ஹார்னுக்குப் போகிறது என்று கர்த்தருக்கும் அவனுக்கும்தான் தெரியும். எஞ்சினின் வயர்கள் மட்டும் தனியாக இருந்ததால் தப்பின.

"அதுக்கென்ன, அத்தான் இருக்காவல்லா?" என்றான் ஜெப்சன். "டிசியாக்கும் அத்தான். பன்னெண்டு வோல்ட்டு. அசல் கப்பல் கரண்டு!"

பதினோரு வருஷமாக எபிசன் ஒளிந்திருந்த மூலையிலேயே மச்சினன் வந்து டார்ச் அடித்துவிட்டான்.

"மீட்டரு இல்லாம பாக்கப்பிடாது" என்றான் எபிசன். ஜெப்சன் மார்த்தாண்டத்தில் போய் மல்டிமீட்டர் வாங்கி வந்தான். "டிராயிங் வேணும்" என்றான். ஜெப்சன் கொல்லத்துக்காரனுக்குப் போன் போட்டான். அந்த ஆள் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். "முதுகு பிடிச்சிருக்கு" என்றான். சுபிதா தைலம் தேய்த்தாள். ஆற்றில் கடல் ஏற்றம் இருக்கும்போது டிசி கரண்டைத் தொடக் கூடாது என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தான். பக்கத்தில் ஷிஜின் நின்றதால் சொல்லவில்லை.

ஷிஜின் போட்டு ஓட்டுவதற்கு ஜெப்சன் அமர்த்திய ஆள். கடற்கரைக்காரன். பத்து வருஷமாக போட்டிலேயே கிடப்பவன். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். எபிசன் மல்டிமீட்டரைத் தலைகீழாகப் பிடித்து எண்ணை வாசிக்க முயன்றபோது அவன் ஒரு தடவை இருமினான். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் எபிசன் ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு உள்ளே போனான். சுபிதாவும் வந்திருந்தாள். தனியார் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர், லீவு நாள். புருஷன் கப்பல் வேலை செய்வதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று கிழங்கும் மீன்கறியும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்து, முன்சீட்டில் வசதியாக உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே பதினோரு வயர்களும் எபிசனின் மூக்குக்கு மேலே ஆடின. பார்க்க எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கொஞ்சம் தடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். பேட்டரியிலிருந்து வருகிற தடி வயராக அதுதான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பதினொன்றில் சேராமல் ஓரமாகக் கிடந்த, உண்மையிலேயே பேட்டரியிலிருந்து வந்த தடி வயரை ஒதுக்குவதற்காக ஸ்க்ரூடிரைவரை நடுவில் விட்டான். அதன் முனை, கறுப்பு வயர்கள் எல்லாம் சேருகிற பித்தளைப் பட்டையில் போய் முட்டியது.

டப்பென்று ஒரு வெளிச்சம். எபிசனின் நெற்றி பலகையில் இடித்தது. தீய்ந்த வாடை வந்தது.

"என்னதாக்கும் சத்தம்?" என்றாள் சுபிதா.

"டெஸ்ட் பண்ணினேன்."

ஸ்க்ரூடிரைவர் உருண்டு வெளியே வந்தது. சுபிதா எடுத்துப் பார்த்தாள். "டெஸ்ட் பண்ணினா முனை உருகுமா?"

ஷிஜின் பின்பக்கம் போனான். பேட்டரியிலிருந்து வயரைக் கழற்றி, இரண்டடி தள்ளி வைத்தான். "இது கழந்தே கெடக்கட்டு" என்றான். "நான் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்." போனான்.

இப்போது போட்டில் இரண்டு பேர்தான். எபிசனின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மல்லாந்து கிடந்த அவனுக்குப் பலகையைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. இனி இப்படி ஒரு வசதி வாய்க்காது என்று அவனுக்குத் தோன்றியது.

"சுபிதா, நான் எலக்ட்ரீஷியன் இல்ல."

"சோலி செய்யயில வெளையாடாதிங்க."

"லாண்டரி."

"எது லாண்டரி?"

"நான்."

அட்டையின் மேல் வரி, கீழ் வரி, தரகரின் கண்ணாடி எல்லாவற்றையும் அவன் பலகையிடம் சொல்லி முடித்தான்.

"பதினாலு வருசமும் தொவைப்பா?" என்றாள்.

"இல்ல. மொத ஆறு மாசம் மெஸ்ஸில பாத்திரம் களுவினேன்."

தூக்குவாளி டங்கென்று கீழே வைக்கப்பட்டது.

"மீட்டரு மாத்த வந்த லைன்மேன்கிட்ட நான் என்ன சொன்னேன்னு ஓர்மை உண்டா ஓய்? 'எனக்க கெட்டியோன் கப்பலுக்கே கரண்டு குடுக்கியவரு, எனக்கு ஃபேஸும் நியூட்ரலும் படிச்சுத் தராண்டாம்'ணு சொன்னேன். அந்த மனியன் ஏணியில இருந்து எறங்கி நின்னு கும்பிட்டான் ஓய்! பள்ளிக்கூடத்தில கரண்டு போனா ஹெச்செம் என்னத்தான் கூப்பிடுவாவ. எதுக்கு? கப்பல்காரனுக்க பெண்டாட்டியாம்!"

எபிசனின் கால்கள் மெல்ல உள்ளே போயின.

"அது போவட்டும்" என்றாள். குரல் தாழ்ந்தது. அதுதான் பயமாக இருந்தது. "இருநூறு பேருக்கத் துணிய தொவைச்ச மனியன். பதினோரு வருசத்தில எனக்க வீட்டில ஒரு துண்டு நனைச்சுப் போட்டிருக்கீரா?"

"அது... நல்லாட்டு தொவைச்சா தெரிஞ்சுபோவுமோண்ணு..."

"மோசமாட்டாவது தொவைச்சிருக்கலாமே!"

இதற்குக் கப்பல் கரண்டு மருந்து வேலை செய்யாது.

அவள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தான். அவளும் எழுந்தாள். ஆனால் கரையில் இறங்கவில்லை. குனிந்து ஓட்டைக்குள் தலையை விட்டு வயர்களைப் பார்த்தாள்.

"நாளைக்கு சபையே வருது. நீரு லாண்டரிண்ணு இண்ணைக்கு தெரிஞ்சா எனக்கு மானக்கேடு. நாளைக்குப் பிந்தி நீரு எங்க வேணும்னாலும் போயி விழும். இப்பம் எழும்பும். அஞ்சாங்கிளாஸு புள்ளைய ஒரு செல்லும் ஒரு பல்பும் வெச்சு பல்பு எரிக்குதுவ. பதினோரு வயருக்கு நமக்கு என்ன?"

ஷிஜின் சாயா குடித்துவிட்டு வந்தபோது இரண்டு பேரும் வயர்களுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுபிதா நேராகவே சொல்லிவிட்டாள்: "இவருக்கு ஒண்ணும் தெரியாது. உனக்குத் தெரியுமா மக்கா?"

ஷிஜின் முகத்தில் பத்து நாளாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ திறந்தது. "தெரியும்க்கா. பைக் பேட்டரிய கழத்தித் தாறேன். எடையில ஒரு ஃபியூஸ் போட்டு, ஒவ்வொரு வயரா தொட்டுப் பாப்போம். எது எழும்புதோ அதுக்க வயரு அது. கறுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அர மணிக்கூறு சோலி."

"இத மொதல்லியே சொன்னா என்ன?" என்றான் எபிசன்.

"நீங்க கப்பல் ஆளுண்ணு சொன்னாவ. எனக்கு பயமாட்டு இருந்து. கப்பல்ல மல்டிமீட்டர தலகீழாத்தான் பிடிப்பாவபோலண்ணு நெனச்சேன்."

வேலை தொடங்கியது. எபிசன் உள்ளே படுத்துக்கொண்டு வயரைத் தொட்டான். ஷிஜின் போட்டைச் சுற்றி நடந்து எது விழித்தது என்று பார்த்தான். சுபிதா கைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுகிற லேபிள்களை எடுத்து, ஒவ்வொன்றாக எழுதி வயரில் சுற்றி ஒட்டினாள். லேபிளில் பெயர், வகுப்பு, பிரிவு என்று அச்சடித்திருந்தது. பெயருக்கு நேரே மட்டும் எழுதினாள்.

முதல் வயரைத் தொட்டதும் முன்னால் இடதுபக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. "செவப்பு!" என்று ஷிஜின் கத்தினான். இரண்டாவது, வலதுபக்கப் பச்சை. மூன்றாவதைத் தொட்டபோது போட்டு பிளிறியது. தென்னை மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. அக்கரையில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் சோப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தேடினார். 'பெயர்: ஹார்ன்' என்று சுபிதா எழுதினாள். நாலாவது ஃபேன். ஐந்தாவது இன்னொரு ஃபேன்; அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. எபிசனுக்குத் தன்னையறியாமல் உற்சாகம் வந்துவிட்டது. தொட்டால் ஒன்று விழிக்கிறது. பதினாலு வருஷம் அந்த ஆட்கள் இதைத்தானா செய்துகொண்டிருந்தார்கள்? இதற்கா அத்தனை கிரீஸ்?

ஆறாவது வயரைத் தொட்டபோது எதுவும் எரியவில்லை. அடியில் எங்கோ 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும்.

"ஷிஜினே, என்னதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல்லியே."

"பிடிச்சுக்கிட்டே இரும்" என்றாள் சுபிதா.

பத்து எண்ணுவதற்குள் வெளியிலிருந்து ஓர் அலறல் வந்தது. வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க ஜெப்சன் அப்போதுதான் கரையிலிருந்து இறங்கி, போட்டின் பக்கவாட்டில் வந்து நின்றிருந்தான். போட்டுக்கு அடியில் தேங்குகிற தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்பின் வாய் சரியாக அவன் இடுப்பு உயரத்தில் இருந்தது. கொல்லத்தில் எந்த வருஷம் தேங்கியதோ, அத்தனை கறுப்பு வெள்ளமும் அவன் வெள்ளைப் பேண்டில் பீய்ச்சியது.

"பம்ப்!" என்று ஷிஜின் கத்தினான். சுபிதா எழுதிக்கொண்டாள்.

ஜெப்சன் பேண்டை ஆற்றில் அலசிக்கொண்டிருந்த நேரத்தில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து முடிந்தன. பின்விளக்கு, உள்விளக்கு, பாட்டுப் பெட்டி, தேடு விளக்கு. பத்து வயருக்கும் பத்து ஸ்விட்ச் சரியாக இருந்தது. எபிசன் ஒவ்வொரு வயர் நுனியையும் சீவி, முனையில் ஷிஜின் கொடுத்த செம்புக் கொக்கியை வைத்து நசுக்கி, ஸ்விட்ச்சில் திருகி முடுக்கினான். பிறகு பத்தையும் சேர்த்து நேராக நீவி, சாண் இடைவெளியில் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினான். கவராலின் கால் மடிப்பைக் கத்திபோல எடுத்துப் பழகிய கை. ஷிஜின் உள்ளே எட்டிப் பார்த்து, "இத்தர வெடிப்பா, வரிசையா நான் கெட்டமாட்டேன் அண்ணே" என்றான். எபிசனுக்குக் காது சூடாயிற்று. வேலைக்காக அவனை ஒருவன் புகழ்ந்தது ஊரில் இதுதான் முதல் தடவை.

"இன்னும் ஒண்ணு மிச்சம் கெடக்கு" என்றாள் சுபிதா.

பதினோராவது வயருக்கு ஸ்விட்ச் இல்லை.

ஈரப் பேண்டோடு ஏறி வந்த ஜெப்சன் அதைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "அத தொடாண்டாம் அத்தான். அது சும்மா கெடக்கியது. வெட்டி விட்டுரலாம்."

"சும்மா கெடக்கியதுண்ணு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கொல்லத்துக்காரன் சொன்னான். தொட்டா... தொட்டா போட்டுக்கு கேடாக்கும்."

சுபிதா தம்பியை இருபது வருஷம் வளர்த்தவள். "தொடும் ஓய்" என்றாள்.

எபிசன் தொட்டான். எதுவும் கேட்கவில்லை. ஷிஜின் முன்னால் பார்த்தான், பக்கத்தில் பார்த்தான், பின்னால் போனான். அங்கேயே நின்றுவிட்டான்.

"அக்கா, ஒண்ணு வாருங்க."

கூரையின் பின்பக்கம், 'எபெனேசர்' ஃப்ளெக்ஸுக்கு உள்ளிருந்து, மலையாளத்தில் சிவப்பு எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. பட்டப்பகலிலும் பளிச்சென்று தெரிந்தன. சுபிதா எழுத்துக்கூட்டி வாசித்தாள். "நல்ல... நாடன்... கள்ளு. கப்ப. கரிமீன். ஃபேமிலிக்கு... தனி சீட்டு... உண்டு." எழுத்துகள் ஓடி முடிந்து, மூன்று தடவை கண்சிமிட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கள்ளுக்கு வந்தன.

எல்லாரும் ஜெப்சனைப் பார்த்தார்கள்.

"சிஸ்டர்மாரு..." என்று தொடங்கினான்.

"சொல்லு."

"சிஸ்டர்மாரு கப்பக்கெழங்கு வித்திருப்பாவ. மடத்துக்கு வருமானம் வேண்டாமா?"

"கள்ளு?"

"அப்பத்துக்கு மாவு புளிக்க."

ஷிஜின் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

அது கன்னியாஸ்திரிகள் ஏறின போட்டு இல்லை. காயலில் மிதந்த கள்ளுக்கடை. அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. உண்மை தெரிந்தால் சபையில் யாரும் ஏறமாட்டார்களே என்று ஜெப்சன் வாயாலேயே ஒரு மடத்தைக் கட்டி உள்ளே நாலு சிஸ்டர்மாரையும் குடிவைத்துவிட்டான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தப்பிக்க ஒரு வழி கிடைக்குமா என்று சுற்றும் பார்த்தபோதுதான் பைக் பேட்டரியும் நோட்டு லேபிள்களும் அவன் கண்ணில் பட்டன.

"அத்தான், கப்பல்ல இப்பிடியாக்கும் பாப்பாவ?"

"கப்பல்ல எப்பிடிப் பாப்பாவண்ணு அத்தானுக்குத் தெரியாது" என்றாள் சுபிதா. "அவரு அங்க துணி தொவைச்சாரு."

ஜெப்சன் எபிசனைப் பார்த்தான். எபிசன் ஜெப்சனைப் பார்த்தான். பதினோரு வருஷத்தில் அவர்களுக்குள் இவ்வளவு பாசம் வந்ததில்லை.

"நல்ல குடும்பம்" என்றாள் சுபிதா. "நான் என்னைக்கு எனக்க அம்ம உண்மையில யாருண்ணு கேக்கப்போறேனோ." பிறகு அவளே கட்டிங் பிளேயரை எடுத்து, பதினோராவது வயரை வெட்டி, நுனிக்கு டேப் சுற்றினாள். தேவைக்கு மூன்று மடங்கு சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறுபது பேர் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். போதகர் ஜான்ரோஸ் வெள்ளை அங்கியோடு போட்டில் ஏறினார். ஜெபம் என்றால் அவருக்கு ஆதியாகமத்திலிருந்து தொடங்க வேண்டும். நோவாவின் பேழையைத் தொட்டு, கலிலேயாக் கடலில் கொஞ்ச நேரம் நின்று, கொல்லம் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இந்தப் படகில் பயணம் செய்த பரிசுத்தக் கன்னியர்களுக்காகவும், இந்தப் பலகைகளில் அமர்ந்து அவர்கள் ஏறெடுத்த மன்றாட்டுகளுக்காகவும் அவர் உருக்கமாக நன்றி சொன்னார். ஜெப்சன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

பிறகு ஸ்விட்ச்சுகளைப் போட்டுக் காட்டினார்கள். சிவப்பு எரிந்தது, பச்சை எரிந்தது, ஃபேன் இரண்டும் எதிரெதிராகச் சுற்றின, ஹார்ன் கேட்டுப் பிள்ளைகள் கூவினார்கள். போதகருக்குச் சந்தோஷம் பொங்கியது.

"சபையாரே, இத்தனை வருஷம் நம்ம மத்தியில் ஒரு விளக்கை மரக்காலின் கீழே மூடி வைத்திருக்கிறோம். வருகிற அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தின் ஒலிபெருக்கி, சீரியல் லைட்டு, ஜெனரேட்டர் எல்லா வேலையையும் நம்ம சகோதரர், மரைன் எலக்ட்ரீஷியன் எபிசனிடமே ஒப்படைக்கிறோம்!"

கைதட்டினார்கள். சும்மா இருந்தால் போதும். எபிசனுக்கு அது கைவந்த கலை. ஆனால் நேற்று முதல் தோள் லேசாக இருந்தது. இன்னொரு பதினோரு வருஷத்தை மறுபடி அதில் ஏற்ற அவனுக்கு மனசு வரவில்லை. ஜெனரேட்டரை நினைத்தும் பயமாக இருந்தது.

"அய்யா, நான் எலக்ட்ரீஷியன் இல்ல" என்றான் சத்தமாக. "கப்பல்ல துணி தொவைக்கிய வேலையாக்கும் பாத்தது. இந்த வயரு எல்லாம் ஷிஜினும் எனக்க வீட்டுக்காரியும் கண்டுபிடிச்சது. நான் வெறுதே கெட்டி வெச்சேன்."

சுபிதா சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டாள்.

போதகரின் கண்கள் கலங்கின. "பாருங்கள், பாருங்கள் இந்தத் தாழ்மையை!" என்றார். "செய்ததெல்லாம் தான் செய்துவிட்டு, மகிமையை மனைவிக்கும் ஒரு வேலையாளுக்கும் கொடுக்கிறாரே. தன்னைத் துணி துவைக்கிறவன் என்று சொல்கிறாரே! நம்மில் எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?"

"அய்யா, நெசமாட்டு—"

"போதும் தம்பி, போதும்." போதகர் அவனைக் கட்டிப் பிடித்தார். முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். பெண்கள் பக்கம் ஒருவர் மூக்கைச் சிந்தினார். உண்மையைச் சொன்னாலும் இவ்வளவு பேர் நம்ப மறுப்பார்கள் என்று தெரிந்திருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பான்.

ஜெப்சனுக்கு இதைப் பார்த்து நெஞ்சு பொறுக்கவில்லை. உண்மை இத்தனை லாபமாக இருக்கும்போது தானும் கொஞ்சம் சொன்னால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். முன்னால் வந்தான்.

"அய்யா, இது மடத்துக்க போட்டு இல்ல. கள்ளு வித்த போட்டாக்கும்."

இதை யாரும் தாழ்மை என்று எடுத்துக்கொள்ளவில்லை. போதகர் தான் சாய்ந்திருந்த சீட்டிலிருந்து மெல்ல முதுகை எடுத்தார். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "எந்தக் கள்ளு ஷாப்புடே?" என்று ஆவலாகக் கேட்டார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ இந்த ஜெபம் பத்தாது" என்றார் போதகர். கண்ணை மூடி, மறுபடியும் ஆதியாகமத்திலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை நோவா திராட்சத்தோட்டம் போட்டுக் குடித்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். பிள்ளைகள் இரண்டு பேர் நின்றபடியே தூங்கிவிட்டார்கள்.

முடிந்ததும் கூட்டம் பிரியாணிப் பந்தலுக்குப் போயிற்று. ஜெப்சனும் போனான்; பெரியவர்கள் பலர் போட்டின் பூர்வீகத்தை அவனிடம் விரிவாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதே நாலு பேர் முதல் சவாரிக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக ஷிஜின் சொன்னான்.

"ஒரு சுத்து போயிட்டு வருவமா அண்ணே?" என்று கேட்டான். எபிசன் ஏறினான். சுபிதா ஏறமாட்டாள் என்று நினைத்தான். அவள் நேற்றிலிருந்து அவனிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் ஏறி, எதிர்ச்சீட்டில் உட்கார்ந்தாள். காலையில் வீட்டுக் கொல்லையில் அவன் துவைத்துப் போட்டிருந்த போர்வைகளையும் திரைச்சீலைகளையும் அவள் பார்த்திருந்தாள். ஒரு திரைச்சீலையை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போயிருந்தாள்.

போட்டு ஆற்றில் மேலே போயிற்று. இரண்டு பக்கமும் தென்னை. ஃபேன்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டதில் காற்று யாருக்கும் வரவில்லை. பாலத்தைத் தாண்டின பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அங்க என்னெல்லாம் செய்வீரு? காலத்த எழும்பினதும்?"

பதினோரு வருஷத்தில் அவள் இதைக் கேட்டதுண்டு. ஒவ்வொரு தடவையும் அவன் 'கேபிள் இழுப்போம்' என்று சொல்லி முடித்திருந்தான். இப்போது எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"மெஷினுல போடியதுக்கு முன்ன பாக்கெட்ட தப்பிப் பாக்கணும்" என்றான். "ஸ்க்ரூ கெடக்கும், நட்டு கெடக்கும். மெஷினு போயிரும்லா. அதுக்கு நான் பொறுப்பு."

"ஸ்க்ரூ மட்டுந்தானா?"

"ஒரு நாளு ஒரு செட்டு பல்லு கெடந்து. மேப்பல்லும் கீழ்ப்பல்லும். யாருக்கதுண்ணு கேக்கவும் முடியாது. அப்பறம் மெஸ்ஸில போயி யாரு கஞ்சி மட்டும் குடிக்கியாண்ணு பாத்து கொண்டு குடுத்தேன்."

சுபிதாவின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. அடக்கிக்கொண்டாள்.

"பிலிப்பைன்காரன் ஒருத்தன் உண்டு. வியாழாழ்ச்ச தோறும் அவனுக்க பாக்கெட்டில ஒரு அவிச்ச முட்ட இருக்கும். ஏழு வருசம். ஒரு வாரம் தப்பினதில்ல."

"எதுக்காக்கும்?"

"கேக்கல்ல. கேட்டா வெக்காம போயிட்டாம்னா?"

"முட்டைய என்ன செய்வீரு?"

"உப்பு தொட்டு திம்பேன்."

இந்தத் தடவை அவளால் முடியவில்லை. சிரிப்பு பீறிட்டு வந்து, சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். ஷிஜின் திரும்பிப் பார்த்து, காரணம் தெரியாமலேயே தானும் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் எபிசனின் பக்கத்துச் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள்.

"பின்னே?" என்றாள்.

எபிசன் அடுத்த பாக்கெட்டுக்குப் போனான்.